மீன்கொத்திக்கு விலை பேசியவர்

உலகத்தில் நல்லவர்கள் உண்டு, பொல்லாதவர்கள் உண்டு. இந்த இரு தரப்பிலும் சேராமல், இரு தரப்பார் வீட்டுக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்கார்ந்து எழுந்து, கை கழுவும்போதே பிரியாணிக்குத் தீர்ப்பு சொல்லிவிடுகிற மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. அவர்களை ஆனாக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பயப்பட வேண்டாம், கடிக்க மாட்டார்கள்.

ஆனாக்காரர் எடுத்த எடுப்பில் குறை சொல்லவே மாட்டார். அது நாகரிகம் தெரியாதவர்கள் செய்கிற வேலை. "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் தொடங்குவார். நீங்களும் அப்பாவியாகச் சிரித்துவிடுவீர்கள். அதற்குள் அவர் தலை ஒரு பக்கம் சாயும், ஒரு கண் சுருங்கும், நாக்கு 'ச்சொ' கொட்டும், "ஆனா..." என்று ஓர் இழுப்பு இழுப்பார். முடிந்தது கதை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நீங்கள் கட்டிய வீட்டுக்கு மாடிப்படி இரண்டடி தள்ளி வந்திருக்க வேண்டும் என்பது பால் காய்ச்சுகிற அன்றைக்கு உங்களுக்குத் தெரியவரும். தொட்டிலில் கிடக்கும் உங்கள் பிள்ளைக்கு இந்தக் காது அமைந்திருக்க வேண்டாம் என்பதும் தெரியவரும். படியை எப்படித் தள்ளி வைப்பது, காதை எங்கே கொடுத்து மாற்றுவது? அதெல்லாம் உங்கள் பாடு.

கம்பத்தில் இந்த இனத்துக்கு ஒரு போட்டி வைத்தால் கோப்பை திராட்சை வியாபாரி அலி அக்பருக்குத்தான் போகும். அவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா கைப்பிடி கொஞ்சம் பெருசு" என்பார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தொழில் அப்படி. தோட்டத்துக்காரர் காதுபடப் பழத்தைப் புகழ்ந்துவிட்டால் விலை ஏறிவிடும். அதனால் பன்னீர் திராட்சைக் குலை கருகருவென்று மின்னிக்கொண்டு வந்து நின்றாலும், காம்பு வாடியிருக்கிறது என்றோ புளிப்பு நிற்கிறது என்றோ ஒன்றைச் சொல்லித்தான் தீர வேண்டும். அதே பழத்தை அவரிடம் வாங்க வரும் கோட்டயத்து வியாபாரி, மலையாளத்தில் "கொள்ளாம், பக்ஷே..." என்று ஆரம்பிப்பார். குமுளி மலையிலிருந்து பக்ஷேயாக இறங்கியது, அலி அக்பர் கடையில் ஆனாவாக மாறி, தோட்டத்துக்காரர் தலையில் விழும். முப்பது வருஷம் இப்படிப் பேசிப் பழகிய வாய், கடை சாத்தும்போது தானும் சாத்திக்கொள்ளுமா? இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அந்த வாயில் ஒரு பறவை போய் மாட்டியது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வயலைப் பார்த்திருந்த கடைசிக் கடை ஆசாத்துடையது. கல்யாணப் பத்திரிகை, பிட் நோட்டீஸ், பிளக்ஸ் எல்லாம் அங்கே செய்து தரப்படும். அவன் தங்கை ஹுஸ்னாவுக்கு மூலையில் ஒரு கம்ப்யூட்டர். ஊரார் முகத்துப் பருக்களை அழிப்பதும், மாப்பிள்ளை பெயரை மணப்பெண் பெயருக்கு நேராக நிறுத்துவதும் அவள் வேலை. துபாயிலிருந்து லீவில் வந்த பெரியப்பா மகன் அப்சல் அவளுக்கு ஒரு பலகையும் பேனாவும் கொண்டுவந்திருந்தான். பலகையில் கீறினால் திரையில் வண்ணம் விழும். போகிற போக்கில் கடையின் பின் ஜன்னல் வழியாக ஒரு போட்டோவும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். வயலுக்கு மேலே கரண்டுக் கம்பியில் ஒரு மீன்கொத்தி. சாக்லேட் நிறத் தலை, வெள்ளை மார்பு, மிளகாய்ப்பழ மூக்கு, முதுகில் பார்த்தவர் பேச்சை நிறுத்துகிற ஒரு நீலம்.

ஹுஸ்னா திரையின் இடது பாதியில் போட்டோவை வைத்துக்கொண்டு வலது பாதியில் அந்தப் பறவையை வரைந்துகொண்டிருந்தாள். பொழுதுபோக்குக்கு அல்ல. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற ஒருவர், "ஒரு பறவை போட்டு வியாழக்கிழமைக்குள்ள அனுப்பும்மா. பிடிச்சிருந்தா பன்னிரண்டு மாசத்துக்கும் நீயே போடலாம்" என்று சொல்லியிருந்தார். பன்னிரண்டு பறவைகள்! அடியில் பொடி எழுத்தில் அவள் பெயர். அந்த வேலை தனக்கு வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது போல, பிறந்ததிலிருந்து எதற்குமே ஆசைப்பட்டதில்லை.

அந்த வாரம்தான் அலி அக்பர், தன் மகள் ஷர்மினின் நிக்காஹ் பத்திரிகைக்காகக் கடைக்கு வந்து சேர்ந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா, பிறை ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கே" என்றார். ஆசாத் பிறையை நிமிர்த்த உட்கார்ந்தான். ஆனாக்காரர் அதுவரை என்ன செய்வார்? வேலை செய்கிறவரின் நாற்காலிக்குப் பின்புறம் போய் நிற்பார். அவர்களுக்கு உலகத்திலேயே பிடித்த இடம் அதுதான். ஹுஸ்னாவின் பிடரியில் வெற்றிலை வாசம் அடித்தது.

"என்ன தாயி, மீங்கொத்தியா? நல்லாத்தான் இருக்கு. ஆனா, காலு எங்கன?"

"போட்டோவுல அப்படித்தான் மாமா. அதுக்குக் காலு ரொம்பக் குட்டை. வயித்து முடியில மறைஞ்சு கெடக்கு."

"போட்டோக்காரன் விட்டுட்டா நீயும் விட்டுருவியா? நொண்டிப் பறவைன்னுல்ல சொல்லுவாக!"

அண்ணனின் பெரிய வாடிக்கை. அத்தாவின் கூட்டாளி வேறு. ஹுஸ்னா இரண்டு கால் போட்டாள். நல்ல வேளையாக இந்த வித்தையில் ஒரு வசதி உண்டு. படத்தின் மேல் கண்ணாடித்தாளை விரித்து வரைவது போல, கீழே இருப்பது கெடாமல் தனி அடுக்கில் வரையலாம். அதை 'லேயர்' என்பார்கள். கால் ஒரு லேயரில் ஏறியது.

கால் வந்தால் நகம் வேண்டாமா? நகம் வந்தது. மறுநாள் காலையில் சாயா கிளாசோடு வந்து நின்று, "மீங்கொத்திங்கிற, மீனு எங்க தாயி?" என்றார். மூக்கில் ஒரு மீன் ஏறியது. "இது கடல் மீனுல்ல? கம்பத்துக்கு ஏது கடல்?" மீன் கெண்டையானது. கரண்டுக் கம்பியைப் பார்த்தால் பிள்ளைகள் பயப்படும் என்பதால் கம்பி கிளையானது. கிளை மொட்டையாக இருக்கலாமா? பூ பூத்தது. பூ பூத்துவிட்ட பிறகு சூரியன் உதிக்காமல் இருந்தால் நன்றாக இருக்குமா? உதித்தது. அந்தப் பக்கம் ஆசாத்தின் பிறை நிமிர்ந்து, குனிந்து, மறுபடி நிமிர்ந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே கம்பியில் அந்த மீன்கொத்தியே வந்து உட்கார்ந்தது. ஹுஸ்னாவுக்கு உயிர் வந்தது. இதைவிடப் பெரிய சாட்சி எங்கே கிடைக்கும்?

"மாமா, அங்கன பாருங்க! நெசப் பறவை. காலு தெரியுதா பாருங்க."

அலி அக்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். தலை சாய்ந்தது. கண் சுருங்கியது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா, கழுத்து பத்தலை."

"மாமா! அது அல்லா படைச்சது."

"அஸ்தக்ஃபிருல்லாஹ்!" அவர் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். "நான் படைப்பையா சொன்னேன்? உக்காந்திருக்க கம்பியச் சொன்னேன் புள்ள. தொய்ஞ்சு கெடக்கு பாரு."

படைத்தவனிடமே ஓர் அங்குலம் கழுத்து கூடுதலாகக் கேட்டவரிடம் ஒரு டிசைனர் என்ன பேசுவாள்? வியாழக்கிழமை காலையில் ஹுஸ்னா படத்தை முழுதாகப் பார்த்தாள். பூ, சூரியன், மீன், நகம் எல்லாம் இருந்தன. பறவை மட்டும் யாருடையதோவாக இருந்தது. கண் நிறைந்துவிட்டது. இதைத்தான் அனுப்பப்போகிறோமா? அந்த நேரம் பார்த்து ஆசாத், "பத்திரிகைய மாமா கடையில காட்டி, இதுதான் கடைசின்னு ஒரு வார்த்தை வாங்கிட்டு வா" என்று அனுப்பினான்.

திராட்சைக் கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. தோட்டத்துக்காரர் சுருளியாண்டி ஒரு பெட்டிப் பழத்தை இறக்கி வைத்திருந்தார். அலி அக்பர் ஒரு குலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா, காம்பு..."

சுருளியாண்டி குனிந்து பெட்டியைத் தூக்கினார். "இருக்கட்டும் பாய். இது கோட்டயத்து வண்டிக்குப் பேசி முடிச்சாச்சு. சும்மா கண்ணுல காட்டத்தான் கொண்டாந்தேன்."

அலி அக்பரின் முகம் மாறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஏலே, கீழ வையி! இந்தப் பழத்தையா அவனுக்குக் குடுப்ப? மணி ஒவ்வொண்ணும் எப்படி நிக்குது! தேனுலே இது, தேனு!"

பெட்டி அங்கேயே தங்கியது. ஹுஸ்னா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தாள். பத்திரிகையைக் காட்டாமலே திரும்பி நடந்தாள். நடையில் கொஞ்சம் ஓட்டமும் இருந்தது.

கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒவ்வொரு லேயராக அணைத்தாள். சூரியன் போனது. பூ, கிளை, கெண்டை, நகம், கால் எல்லாம் போயின. தொய்ந்த கம்பியில், கழுத்துப் பத்தாத, கால் தெரியாத அவளுடைய மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. கரண்ட் போவதற்குள் சிவகாசிக்கு அனுப்பிவிட்டு, அண்ணன் காதில் ஏதோ சொன்னாள்.

சாயங்காலம் வெற்றிலை வாசம் வந்தது. "தாயி, ராத்திரி பூரா யோசிச்சேன். அந்த மூக்கைக் கொஞ்சம்..."

"படம் போயிருச்சு மாமா. சிவகாசிக்காரக எடுத்துக்கிட்டாக." யாரும் எடுத்துக்கொண்டிருக்கவில்லை. குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள்.

"எது? அந்த மீங்கொத்தியா?" அலி அக்பர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "என்ன புள்ள இப்படிப் பண்ணிட்ட! என்னா நீலம் அது! கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சம் வச்சிருந்தியே, உசுரோட பாத்துச்சுல்ல! எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"மாமா, உங்க பத்திரிகையும் அச்சுக்குப் போயிருச்சு" என்றான் ஆசாத்.

"ஐயையோ! அந்தப் பிறை எவ்வளவு லட்சணமா இருந்துச்சு!"

அப்போது ஹுஸ்னாவின் செல்போன் அடித்தது. சிவகாசி. எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். போனை விட்டு வெளியே வந்து விழுகிற குரல் அந்தக் காலண்டர்காரருக்கு. கடை முழுக்கக் கேட்டது.

"படம் பாத்தேம்மா. நல்லாத்தான் இருக்கு. ஆனா, கால் தெரியலையே?"

ஆசாத் தலையில் கையை வைத்துக்கொண்டான். போட்டுத் தருகிறேன் சார் என்ற வாக்கியம் ஹுஸ்னாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எச்சிலோடு விழுங்கினாள்.

"இருக்கட்டும் சார். கோட்டயத்துல ஒரு கம்பெனிக்காரக இதைக் கேட்டுக்கிட்டே இருக்காக. அவுகளுக்கே குடுத்துர்றேன்."

சிவகாசிக் குரல் பதறியது. "இரும்மா, இரும்மா! நான் என்ன சொல்ல வந்தேன்னா, கால் தெரியாததுதான் இந்தப் படத்துக்கே அழகு. பன்னிரண்டையும் நீயே போடு. வேற யார்கிட்டயும் பேசாதே."

போனை வைத்தபோது அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். அலி அக்பர் நிமிர்ந்து நின்றார். பெற்ற மகள் பரீட்சையில் தேறியது போல அவர் முகம் விரிந்தது.

"பொழச்சுக்கிருவ தாயி! வியாபாரம் கத்துக்கிட்ட. நல்லாத்தான் பேசுன." தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. "ஆனா, கோட்டயம்னு ஏன் சொன்ன? துபாய்னு சொல்லியிருக்கணும்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்து, இதைப் பக்கத்தில் இருக்கிறவர் கையில் கொடுத்து, படித்துப் பார்க்கச் சொல்லப் போகிறீர்கள். கொடுக்கும்போது உங்கள் வாயில் ஒரு வாக்கியம் வரும். அதில் முன்பாதி எனக்குப் போதும். பின்பாதியைத் திராட்சை வாங்கப் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள்.