அங்கீகரிக்கப்பட்ட ஏரி

அரச உத்தியோகத்தர் ஒருவர் வருடத்தில் ஒரு நாளாவது குடும்பத்தோடு மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. அதற்கமைய, கடலோரக் கல்முனையில் ஓர் அலுவலகத்தில் கடமையாற்றும் றுமைஸ், மனைவி பஸ்னாவையும் மகள் ஸுஹைறாவையும் வேனில் ஏற்றிக்கொண்டு, மூவரும் அதுவரை காணாத மலைநாட்டு நகரம் ஒன்றுக்குப் புறப்பட்டார். அங்கே ஓர் ஏரி இருக்கிறதாம், தண்ணீர் ஐஸ் போலக் குளிருமாம். அதில் கால் வைக்கும் ஆசையில் ஸுஹைறா மலை வளைவுகளில் வாந்தியெடுக்க மட்டுமே வாயைத் திறந்தாள். முறைப்பாடு எதுவும் செய்யவில்லை.

ஏரியைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் நீலத் தகரம் அடித்திருந்தது. வாசலில் பிரமாண்டமான ஒரு படம், அதற்கு முன்னால் நீண்ட வரிசை, பக்கத்தில் ஒரு காவலாளி.

"ஏரி பார்க்க வந்த நாங்க," என்றார் றுமைஸ்.

"பாருங்க சார்," என்று காவலாளி படத்தைக் காட்டினார். அதில் நீலத் தண்ணீருக்கு மேலே சூரியன் உதித்துக்கொண்டிருந்தது.

"இது படம். ஏரி எங்க இரிக்கி?"

"தகரத்துக்குப் பின்னாடி. அங்க எப்பவும் பனிமூட்டம். போட்டோ சரியா விழல்லன்னு வர்றவங்க குறை சொன்னாங்க. குழு போட்டு ஆராய்ஞ்சாங்க. ஏரி தரமா இல்லன்னு அறிக்கை வந்திச்சி. அதனால இதுதான் அங்கீகரிக்கப்பட்ட ஏரி."

"அப்ப தகரம் என்னத்துக்கு?"

"அது தெரிஞ்சா இத யாரும் பார்க்க மாட்டாங்களே."

கோபம் வர வேண்டிய இடத்தில் றுமைசுக்கு மரியாதைதான் வந்தது. சனங்கள் உள்ளே வருகிறார்கள் என்பதற்காகத் தன் அலுவலகத்தின் முன்கதவைப் பூட்டிவைக்க யோசனை சொன்னவர் அவர்.

பஸ்னா விடவில்லை. "புள்ள தண்ணியில கால் வைக்கணும் எண்டு வந்திரிக்கிறாள்."

"அதுக்கும் வசதி இருக்கு மேடம்."

படத்தின் அடியில் ஒரு பிளாஸ்டிக் பேசின். ஐஸ் கட்டிகள் மிதந்தன. முறை வந்ததும் ஸுஹைறா காலை வைத்தாள்.

"குளிருதா மகள்?"

"ஓம் வாப்பா." அண்ணாந்து படத்தைப் பார்த்தாள். "ஆனா இது நம்மட கடல்."

றுமைஸ் உற்றுப் பார்த்தார். படத்தின் ஓரத்தில், மணலில் ஏற்றிவைத்த பச்சைத் தோணி; அதில் 'சின்னத்தங்கம்' என்ற பெயர். அவருக்கு வழமையாக மீன் கொடுக்கும் கதிர்காமன், பெண்சாதியின் பெயரை எழுதிவைத்த தோணி. யாரோ இணையத்திலிருந்து இறக்கியிருக்கிறார்கள்.

"இது எங்கட ஊர்க் கடல்," என்றார் காவலாளியிடம்.

"இருக்காது சார். ஏரின்னு எழுதியிருக்கே."

எழுதித்தான் இருந்தது. அரச இலச்சினையும் இருந்தது. இலச்சினை போட்ட எதையும் றுமைஸ் இதுவரை மறுத்ததில்லை. பின்னால் நின்றவர்களும் அவசரப்படுத்தினார்கள். மூவரும் பல்லைக் காட்டினார்கள். போட்டோ அருமையாக விழுந்தது.

பஸ்னா அதை ஸ்டேட்டஸில் போட்டாள். வேன் மலையிறங்குமுன் அவளுடைய அண்ணன் மனைவியான மச்சியிடமிருந்து பதில் வந்தது: "மாஷா அல்லாஹ், என்ன வடிவு! நம்மட ஊரில பார்க்கிறதுக்கு என்ன இரிக்கி?" மச்சி வீட்டுப் பின்கதவைத் திறந்தால் அதே மணல்தான்.

திங்கட்கிழமை மேலதிகாரி றுமைசைக் கூப்பிட்டார். போட்டோ அவருக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"இப்படி ஒண்டு நம்மட ஊருக்கும் வேணும், றுமைஸ்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அலுவலகமே சிரிக்கும்.

"ஓம் சேர்," என்றார்.

கடல் நீளமானது என்பதால் தகரம் கூடுதலாகத் தேவைப்படும் என்று அவரே பிரேரணை எழுதினார். எந்தக் காலத்திலும் இல்லாத வேகத்தில் அனுமதி கிடைத்தது. கரை நெடுகத் தகரம் அடிக்கப்பட, கடலுக்குப் போகும் கதிர்காமன் மற்ற மீனவர்களோடு தகர வாசலில் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

திறப்பு விழாவுக்கு ஊரே புது உடுப்பில் வந்து குவிந்தது. மச்சிதான் வரிசையில் முதல் ஆள். மேலதிகாரி நாடா வெட்ட, படத்தின் திரை விலகியது. பனிமூட்டம், ஊசியிலை மரங்கள், நடுவே சாம்பல் நிறத்தில் அசையாத தண்ணீர்.

ஸுஹைறா வாய் பிளந்து நின்றாள். மலைநாட்டில் தகரத்துக்குப் பின்னால் கிடந்த அந்த ஏரியை அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.