காலண்டர் தாளில் நின்ற டீ

நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது. ரேஷன் கடையில்கூடக் கையைத்தான் நீட்டிக் காட்டுவேன். அப்படிப்பட்டவள் சும்மா இருந்திருக்கலாம். என் மகள் சாந்தியைப் பெண் பார்க்க வந்த அன்று சும்மா இருக்கவில்லை.

சாந்தி அப்போது ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தாள். ஐந்தாவது படித்த எனக்கும் புரிகிற மாதிரி ஒருநாள் சொன்னாள். பென்சில் கரியிலிருந்து ஒரே ஓர் அணு கனத்துக்கு உரித்தெடுத்த தாள் இருக்கிறதாம். அது சமமாகக் கிடக்காதாம், எண்ணூர்க் கடல் மாதிரி நெளிநெளியாக இருக்குமாம். நெளிவு இருப்பதால் சட்டென்று வளையாதாம். அதற்கு மேலும் ஏதோ சொன்னாள். (அடுப்பில் மீன் குழம்பு பொங்கியது, ஓடிவிட்டேன்.)

தண்டையார்பேட்டையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா நேராகவே கேட்டார்.

"கல்யாணம் ஆனா படிப்ப நிறுத்திடணும்க்கா. அப்டி இன்னாதான் படிக்குது உங்க பொண்ணு?"

படிப்பை விடச் சொன்னால் மாப்பிள்ளையே வேண்டாம் என்று சாந்தி காலையிலேயே சொல்லியிருந்தாள். ஆனால் அவரை அவளுக்குப் பிடித்திருந்தது. (தலையணைக்கு அடியில் அவர் போட்டோவைப் பார்த்தேன்.) என் வீட்டுக்காரரோ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் படிப்பதைக் கையாலேயே காட்டிவிடலாம் என்று நான் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, விசிறி மாதிரி மடித்து மடித்து, இரண்டு பிஸ்கட் டப்பாக்களுக்கு நடுவே பாலம் போல வைத்தேன். மாப்பிள்ளையின் டீ டம்ளரை வாங்கி அதன்மேல் வைத்தேன். நின்றது!

"அட!" என்றார் மாப்பிள்ளை.

அத்தோடு விட்டிருக்க வேண்டும். இன்னும் விறைப்பாக இருக்கட்டும் என்று தாளின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்தேன். மடிப்பெல்லாம் விரிந்தது. டீ முழுவதும் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில்.

"அய்யய்யோ, புதுச் சட்ட!" என்று அவர் அம்மா அலறினார்.

சாந்தி உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"யம்மா, ஏம்மா இழுத்த? நெளிவு இருந்தா வளையாதுதான். ஆனா இழுத்தா ஈசியா விரிஞ்சிடும். அன்னிக்கே சொன்னேனே!"

"முழுசா விரிஞ்சதுக்கு அப்புறம்?" என்று கேட்டார் மாப்பிள்ளை, சட்டையைப் பிழிந்துகொண்டே.

"அப்புறம்தான் கெட்டியாவும். அதுவரைக்கும் எவ்ளோ நீளும்னுதான் ஆராய்ச்சில பாத்துகினு கீறேன்."

அவர் தன் அம்மாவிடம் திரும்பினார். "யம்மா, இத்த எப்டிமா பாதில நிறுத்த சொல்றது? முடிக்கட்டும்."

"சட்டய எவன்டா தொவைப்பான்?"

"நானே தொவச்சிக்கிறேன்."

படிப்பு முடிந்தது, கல்யாணமும் முடிந்தது. இன்றைக்கும் இரண்டு வீடும் கூடியிருக்கும்போது யாராவது சண்டையை வளர்த்தால் சம்பந்தியம்மா கையைக் காட்டி அடக்குவார்: "இழுக்காத, டீ கொட்டிடும்." உடனே எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

(சிரிக்கத்தான்.)