அத்தான் குரலில் அழுத கதாநாயகி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. நீயும் பிள்ளை பெற்றிருக்கும் மகளும் பேரனும் அங்கே சுகம்தானே? நானும் சுகம் என்று எழுத என் பேனாவுக்கே வெட்கமாக இருக்கிறது.

அத்தான் எடுத்த படம் நேற்று திரைக்கு வந்தது. "என் தம்பி இருக்கிறப்போ வெளியாள் எதுக்கு?" என்று நீ சொன்னதால்தான், முடிந்த படத்தைத் தியேட்டர் மெஷினில் ஓடும்படி தயார் செய்யும் வேலையை என்னிடம் தந்தார். படத்தையும் ஒலியையும் பகுதி பகுதியாகச் சேர்த்து ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுப்பதுதானே என் பிழைப்பு. தியேட்டர் ஆபரேட்டர், "கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஒருவாட்டி முழுசா ஓட்டிப் பாத்துடலாமா சார்?" என்று கேட்டார். "என் கை பட்டதுல தப்பு வராதுங்க" என்றேன். அக்கா, அந்த வாயைத் தைக்க வேண்டும்.

இடைவேளை வரை ஒரு குறையுமில்லை. அதன்பின், சாகக் கிடக்கும் கணவனின் கட்டிலருகே கதாநாயகி கண்ணீரோடு வாயைத் திறந்தாள். "என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க" என்று அத்தானின் ஜலதோஷக் குரல் வந்தது! நடிகை வந்து பேசுவதற்கு முன்னால், எடிட்டிங் வசதிக்காக அத்தானே வீட்டில் உட்கார்ந்து பேசி வைத்த தற்காலிக ஒலியை அந்தப் பகுதியோடு சேர்த்துத் தொலைத்திருக்கிறேன். அதோடு விட்டதா? கதாநாயகி இருமினாள், காகிதம் புரட்டினாள், கணவன் நெற்றியில் முத்தமிட்டபடி, "அந்தக் காப்பிய கொஞ்சம் சூடு பண்ணிக் குடேன்" என்றாள். மரணப்படுக்கையிலிருந்து உன் குரல் பதில் சொன்னது: "எத்தன வாட்டி சூடு பண்றது? இதுக்கு மேல என்னால முடியாது!" தியேட்டரே இடிந்து விழுவதுபோல் சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்தபடி எழுந்து போனார். நான் ஆபரேட்டர் அறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். இந்தப் படத்துக்காக அவர் தூக்கம் தொலைத்ததைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இன்று காலை சரியான பிரதியைக் கொடுத்துவிட்டேன். அத்தான் முகத்தில் விழிக்கத்தான் துணிவில்லை. நீதான் எனக்காகப் பேச வேண்டும். உன் குரலை ஊரறியச் செய்ததற்கும் மன்னித்துவிடு.

பேரன் நோய்நொடியில்லாமல் வளரட்டும்.

உன் தலைகுனிந்த தம்பி

பி.கு.: கவரை ஒட்டும்போது அத்தான் போன் செய்தார். "மாப்ள, புதுசப் போட்டா எல்லாரும் கொட்டாவி விடறாங்க. பழசையே ஓட்டச் சொல்லிட்டேன். உன் அக்கா பேசறப்பதான் கைதட்டல் கூரையப் பிக்குது. அவ வந்ததும் இன்னும் நாலு எடத்துல திட்டச் சொல்லணும்" என்றார். ஆகவே, மேலே கேட்ட மன்னிப்பு எனக்கு வேண்டாம். அத்தானுக்கு எடுத்து வை.