மலையேற விடாத அமெரிக்கர்

திருத்தணி,
ஆடி மாதம்.

பெருமதிப்பிற்குரிய பங்காரு பாவாவுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் சிவப்பிரகாசம் வணங்கி எழுதுவது. இங்கு நான், பிரேமா, மோனிஷா மூவரும் நலம். நான்காவதாக ஒருவர் வீட்டில் இருந்தார். அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எட்வின் கிரேலி என்ற அமெரிக்க நாவலாசிரியரின் வாழ்க்கையைப் பத்திரிகையில் தொடராக எழுதுகிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். தாங்கள் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். பனி கொட்டும் ஊரில் பிறந்து, யாரும் வாங்காத நாவல்களாக எழுதித் தள்ளி, அடுப்போரம் உட்கார்ந்தபடியே செத்துப்போன நெட்டை மனுஷன். முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுதலாமே என்று அவர் படத்தைச் சட்டம் போடக் கொடுத்தேன். பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்றதும், கடைக்காரர் வழக்கம்போலக் குங்குமம் வைத்து, சந்தன மாலை போட்டு, சிவப்பு பல்பும் மாட்டிக் கொடுத்துவிட்டார். சோம்பேறி நான், அப்படியே கூடத்தில் மாட்டினேன். எதிர்வீட்டு ஹேமாவதி வந்து, "யாருக்கா, மாமனாரா? செவசெவன்னு கீறாரே! எப்போ தவறினாரு?" என்று கேட்க, சாவு அத்தியாயத்தைப் படித்து அழுதுகொண்டிருந்த பிரேமா, "இப்பதான்" என்று சொல்லித் தொலைத்தாள்.

"ஐயோ, அப்போ வருசம் திரும்பறவரைக்கும் மலை ஏறக்கூடாதே!" என்றாள் ஹேமாவதி.

மோனிஷாவின் ஜுரம் இறங்கினால் கிருத்திகைக்குப் பால்காவடி எடுப்பதாகப் பிரேமா வேண்டியிருந்தாள் அல்லவா, பாவா? அது நின்றது. "அந்த ஆளு நமக்கு இன்னா ஒறவு?" என்றேன். "நம்ம வீட்ல வெளக்கு எரிஞ்சிகினு கீது இல்ல?" என்றாள் பிரேமா. ஒயரைப் பிடுங்கினேன். அப்பவும் பல்பு எரிந்தது.

சரி, படையல் போட்டு அனுப்பிவிடலாம் என்று வடை, பாயசத்தோடு மாடி ஏறினோம். ஒரு காக்கை வரவில்லை. "அவ்ளோ எழுதிகினு கீறீங்களே, இன்னா துன்னுவாருன்னு தெரியாதா?" என்று பிரேமா முறைத்தாள். கருகின ரொட்டியும் கறுப்புக் காப்பியும் வைத்தேன். ஒற்றைக் காக்கை வந்தது. கரையவில்லை. ரொட்டியின் நடுவை மட்டும் தின்று, ஓரத்தைச் சுற்றிலும் விட்டுவிட்டுப் போனது. கிரேலி ஓரம் தொடமாட்டார் என்பது நான் இன்னும் யாருக்கும் காட்டாத அத்தியாயத்தில் இருக்கிறது. கீழே இறங்கினால் பல்பு அணைந்திருந்தது.

அவர் போய்விட்டார், பாவா. இன்று பிரேமாவும் மோனிஷாவும் மலையேறியிருக்கிறார்கள். முழங்காலைச் சாக்குச் சொல்லி நான் வீட்டில். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் தணிகைவேலன் துணையிருப்பான், கிரேலி இருக்கமாட்டார்.

அன்புடன்,
சிவப்பிரகாசம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மோனிஷா படிக்கட்டில் எடுத்த போட்டோ போனில் வந்தது. காவடியோடு பிரேமா. அவளுக்குப் பின்னால் செருப்பில்லாமல், நெற்றி நிறைய விபூதியோடு, அரோகரா என்று வாய் திறந்தபடி அதே நெட்டை ஆசாமி. கூப்பிட்டுக் கேட்டால், "கீழ எறங்கிட்டோம்ப்பா. நாங்க ரெண்டு பேர்தான், ஆட்டோக்காரர் மூணு பேருன்றாரு" என்கிறாள். வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம். வாங்க என்று சொல்லக்கூட எனக்கு இங்கிலீஷ் பேச வராதே, பாவா!