அலைஞானி கண்ட ஒட்டகம்

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் தண்ணீர் நின்றுபோன நாளில்கூட இவ்வளவு கூட்டம் கூடியதில்லை. கார் நிறுத்துமிடத்தில் தொடங்கிய வரிசை படியேறி, மொட்டை மாடிக் கதவில் முட்டிக்கொண்டு நின்றது. இடுப்பில் குழந்தையை வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். வீட்டு வைஃபை ரவுட்டரைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு நின்றவர்கள்தான் அதிகம். அலைஞானி வந்திருந்தார்!

அலைஞானி என்றால் சாமானியப்பட்ட ஆளா? எந்த வீட்டுக்கு எந்த ரவுட்டர் பொருந்தும் என்று ஒரு செம்புக் கம்பியை வைத்தே சொல்லிவிடுவார். கடைக்குப் போய் விசாரிப்பது, நாலு விஷயம் கேட்டு வாங்குவது எல்லாம் ஞானம் வராதவர்கள் செய்கிற வேலை. இவர் ரவுட்டருக்கு மேலே கம்பியைப் பிடிப்பார். கம்பி ஆடும். பிடித்திருக்கிற கை ஆடினால் கம்பி ஆடாமல் என்ன செய்யும்? "அடடா, இது உள்ளுக்குள்ள அழுதுட்டிருக்கு" என்பார். தீர்ந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரவுட்டர் குப்பைத் தொட்டிக்குப் போகும். அவருடைய 'ஞானப்பெட்டி' கூடத்துக்கு வரும். அதுவும் கடையில் மூலையில் கிடக்கிற மட்டமான ரவுட்டர்தான். மேலே செம்புக் கம்பி சுற்றியிருக்கும். விலை மட்டும் ஞானத்துக்குத் தக்கபடி ஏறியிருக்கும்.

ஞானப்பெட்டிக்கு இரண்டு நியமங்கள். அதன் கட்டுப்பாடு ஞானியிடம் மட்டுமே இருக்கும், மற்றவர்கள் தொடக்கூடாது. இன்னொன்று, பாஸ்வேர்டு வைக்கவே கூடாது.

"அலைக்குப் பூட்டு போட்டா அதுக்கு மூச்சு முட்டும். அதுக்கு மூச்சு முட்டினா கட்டடத்துல யாருக்காவது நெஞ்சை அடைக்கும்" என்றார் ஞானி.

கேட்டவுடனே பூட்டைக் கழற்றியவர் குடியிருப்போர் சங்கத் தலைவர். ஆயுள் முழுக்க வங்கியில் லாக்கர் சாவியைக் காத்த மனிதர். இன்றைக்கும் வாசல் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பவர். அவரே கழற்றிவிட்டார் என்றதும் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கட்டடமே பூட்டில்லாமல் காற்றோட்டமாக ஆகிவிட்டது.

அப்புறம் ஆரம்பித்தது அற்புதம். பெட்டி வைத்த வீட்டைப் பற்றி ஞானி கண்ணை மூடிக்கொண்டு சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது! "முழங்கால்... முழங்கால் கூப்பிடுது" என்றார் கீழ்வீட்டுப் போஸ்ட்மாஸ்டரிடம். ஓய்வு பெற்ற அந்த மனிதர் அன்றுதான் முழங்கால் வைத்தியம் பற்றித் தேடியிருந்தார். அந்த முழங்காலையே மடக்கி ஞானியின் காலில் விழுந்தார். எழுப்பிவிட இரண்டு ஆள் தேவைப்பட்டது.

மூன்றாம் மாடியில் கணக்கு டீச்சர் மட்டும் கடுகடுவென்று இருந்தாள். அவள் பாடம் எடுப்பது படுக்கையறை மேசையிலிருந்து, வைஃபை வழியாக. ஞானப்பெட்டி வந்த நாள்முதல் வகுப்பு பாதியில் உறைந்துவிடும். வாயைப் பாதி திறந்தபடி அவள் முகம் திரையில் நிற்கும். பிள்ளைகள் அதைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரித்தார்கள். தலைமையாசிரியை சிரிக்கவில்லை.

"திங்கக்கிழமை ஆண்டுப் பரீட்சை, டீச்சர். அன்னிக்கும் இப்படி நின்னுபோச்சுன்னா உங்க வகுப்பை வேற ஆளுக்குத்தான் குடுக்கணும். என்னைத் தப்பா நினைக்காதீங்க."

டீச்சர் போனை வைத்தாள். ஜன்னலைத் திறந்து பார்த்தாள். எதிரே பஸ் நிறுத்தம். அங்கே நின்றவர்கள் எல்லாரும் இந்தக் கட்டடத்துச் சுவரில் சாய்ந்து, போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் வந்தது. ஒருவரும் ஏறவில்லை. ஓட்டுநரும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போனை எடுத்தார். கேட்க ஆளில்லாத வைஃபை; விடுவார்களா?

"ஏங்க, நான் பரண்ல எடுத்து வச்ச நம்ம பழைய ரவுட்டரையே பூட்டோட வச்சுக்கலாமே" என்றாள் கணவனிடம்.

பெயின்ட் கடை வைத்திருக்கும் அந்தப் புண்ணியவான் பதறிப்போனான். "வேணாம்மா! நீ பூட்டு போட்டு, போஸ்ட்மாஸ்டர் அய்யாவுக்கு நெஞ்சை அடைச்சா யாரு பதில் சொல்றது? அவர் சாதாரண ஆள் இல்லை. என்னைப் பார்த்ததும் 'மூக்குக்குக் கீழே ஒரு கனவு வளரத் துடிக்குது'ன்னாரு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு!"

டீச்சருக்குப் புல்லரிக்கவில்லை. மீசை வளர்க்கும் எண்ணெயைப் பற்றி அவன் ராத்திரியெல்லாம் போனில் பார்த்ததை அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டே பார்த்தவள்.

அப்போது மாமியார் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். "என்னைப் பார்த்து என்ன சொன்னான் தெரியுமா? 'இந்த உடம்புல அலையே இல்லை, வெறும் வெட்டவெளி'ன்னுட்டான். எனக்கு இல்லாத கவலையா? பல் வலி, தூக்கமில்லை, இவன் ஒரு மகன்!"

மாமியாரிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன். பேசலாம், வைக்கலாம், வேறொன்றும் பார்க்க முடியாது. டீச்சர் அதையே உற்றுப் பார்த்தாள். போனில் தேடினவர்கள் கவலை எல்லாம் ஞானிக்குத் தெரிகிறது. தேடாதவள் மனம் மட்டும் வெட்டவெளியா?

"அத்தை, நாம ஒரு ஒட்டகம் வாங்கலாமா?"

மாமியார் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். விஷயத்தைக் காதில் சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த வாரம் முழுக்க மருமகள் போனில் ஞானப்பெட்டி வழியாக ஒட்டகம்தான் ஓடியது. ஒட்டகம் விற்கிறவர்கள், ஒட்டகத் தீனி, ஒட்டகத்துக்குப் பல் பார்க்கும் வைத்தியர்! மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தக் கறுப்பு வேணாம், கண்ணைப் பாரு, கோபக்காரனா இருக்கான்" என்று நிஜமாகவே தேர்ந்தெடுக்க ஆரம்பித்துவிட்டாள். வேறு யாரிடமும் இருவரும் மூச்சு விடவில்லை.

ஞாயிறு காலை சங்கக் கூட்டம். ஞானி நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் துணி மூடிய 'அலைத்தட்டு'. யாராவது கேள்வி கேட்டால் துணியைச் சற்றே தூக்கி உள்ளே பார்ப்பார்; முகத்தில் நீல வெளிச்சம் அடிக்கும். பிறகு கண்ணை மூடுவார். பிறகு ஞானம் பிறக்கும்.

டீச்சர் எழுந்து கைகூப்பினாள். "எங்க வீட்டுக்கு என்ன வரப்போகுதுன்னு சொல்லுங்க."

ஞானி துணியைத் தூக்கினார். ஒரு நிமிடம் அவர் முகத்திலேயே ஞானம் தடுமாறியது. மறுபடியும் பார்த்தார். கண்ணை மூடினார்.

"நீண்ட கழுத்து... முதுகில் மேடு... மணல் வாசனை அடிக்குது! அம்மா, உங்க வீட்டுக்கு ஓர் ஒட்டகம் வரப்போகுது!"

கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது. பெயின்ட் கடைக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான். "மூணாவது மாடிக்கு லிஃப்ட்ல ஏறுமா?"

"ஏறாது, ஏன்னா வராது" என்றாள் டீச்சர். "ஒரு வாரமா நானும் அத்தையும் வேணும்னே ஒட்டகம் தேடினோம். அது எங்க ரெண்டு பேருக்குத் தெரியும், அந்தப் பெட்டிக்குத் தெரியும். பெட்டியோட கட்டுப்பாடு யார் கையில? எந்த வீட்டுல என்ன தேடறாங்கன்னு அந்தத் தட்டுல பார்த்துத்தான் சொல்றாரு. உங்க மனசை இல்லை, உங்க போனைப் படிக்கிறாரு!"

"அபச்சாரம்! இந்தப் பிறவியில இல்லைன்னா அடுத்த பிறவியில ஒட்டகம் வரும்" என்றார் ஞானி.

சிலர் அதற்கும் தலையாட்டினார்கள். நம்பிக்கை என்றால் அப்படி இருக்க வேண்டும்!

மாமியார் விறுவிறுவென்று போய்த் தட்டைத் துணியோடு பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஞானத்துக்குத் தட்டு எதுக்கு? இப்ப சொல்லு பார்ப்போம்."

போஸ்ட்மாஸ்டர் கம்பை ஊன்றி எழுந்தார். இன்னும் நம்பத்தான் ஆசைப்பட்டார், பாவம். "சாமி, நான் போனைத் தொடலை. இந்த நிமிஷம் என் மனசுல என்ன இருக்கு? சொல்லி இந்த அம்மா வாயை அடைச்சிடுங்க."

ஞானி கண்ணை மூடினார். கம்பியை ஆட்டினார். வியர்வையைத் துடைத்தார். "அமைதி... பேரமைதி தெரியுது."

"இல்லை சாமி" என்றார் போஸ்ட்மாஸ்டர். "ரொம்ப நேரமா எனக்கு அவசரமா பாத்ரூம் போகணும்."

கட்டடமே குலுங்கிச் சிரித்தது. போஸ்ட்மாஸ்டர் முழங்காலை மறந்து பாத்ரூமுக்கு ஓடினார். ஞானி வாசலுக்கு ஓடினார். தன் வீட்டில் என்னென்ன தேடினோம் என்று யோசித்துப் பார்த்தவர்களுக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்று முகம் வெளுத்தது. சங்கத் தலைவர் ஒரே பாய்ச்சலில் வீட்டுக்குப் போய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். ஒவ்வொரு வீடாகப் பிளக் கழன்றது. பஸ் நிறுத்தத்தில் "அய்யய்யோ!" என்று ஒரு கூட்டு ஓலம் கேட்டது. வெகு நாளைக்குப் பிறகு பஸ்ஸில் ஆள் ஏறியது.

அன்று மாலையே டீச்சர் கடைக்குப் போனாள். பழைய ரவுட்டருக்கு வயதாகிவிட்டது, அதைத் தயாரித்தவர்கள் பாதுகாப்புக்கான புது மென்பொருள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்ததும், இன்னும் பல வருஷம் அனுப்புவோம் என்று உறுதி சொன்ன ஒன்றாகப் பார்த்து வாங்கினாள். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றி, யாரும் ஊகிக்க முடியாத நீளமான ஒன்றை வைத்தாள். பீரோவுக்குப் பின்னால் ஒளிக்காமல் வீட்டு நடுவில் உயரமாக வைத்தாள். கம்பி எதுவும் ஆடவில்லை. திங்கட்கிழமைப் பரீட்சை ஒரு நொடிகூட உறையாமல் நடந்து முடிந்தது. தலைமையாசிரியை, "வகுப்பு உங்களுக்குத்தான்" என்று சொன்னபோது டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தோடு கதவைத் திறந்தால், வாசலில் சங்கத் தலைவரின் மனைவி. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவன் ஃபிராடுதான் டீச்சர், ஒத்துக்கறேன். ஆனா... ஒட்டகம் எப்ப வருது?"

டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒட்டகம் வராதும்மா. இந்தக் கட்டடத்துக்குப் புத்தி வந்தா சொல்லி அனுப்பறேன். அதை லிஃப்ட்லயே ஏத்தலாம், தீனியும் போட வேணாம்."