பாத்திரம் கழுவும் மந்திரம்

புகார் இதுதான்: மகன் பாத்திரம் கழுவுகிறான்.

கழுவுவதோடு விட்டானா என்றால் அதுவும் இல்லை. கழுவும்போது பாடுகிறான். கழுவியதைத் துடைத்து அடுக்குகிறான். மருமகள் மந்திரம் வைத்து அவனை மயக்கிவிட்டாள் என்பதற்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று வீட்டு அம்மாள் மந்திர முறிப்புத் துறைக்குப் போன் போட்டுவிட்டார்.

அந்தத் துறையில் எத்தனையோ புகார்கள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. பறந்துபோன மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் தேடி ஒருவர் மாதக்கணக்கில் அலைகிறார். கேட்க நாதி இல்லை. இந்தப் புகாருக்கு மட்டும் சுடச்சுட ஆள் வந்தாயிற்று. துறையின் மேலதிகாரி அந்த அம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். வேறு என்ன காரணம் இருக்கப்போகிறது?

வந்தவளுக்கு அலுவலகத்தில் பியூஸ் என்று பெயர். அவள் கை பட்டால் எப்பேர்ப்பட்ட மந்திரமும் பியூஸ் போய்விடும். பிறவியிலேயே அப்படி. மந்திரம் பக்கத்தில் இருந்தால் மூக்கு அரிக்கும். கை பட்டு அது முறிந்தால் தும்மல் வரும். சின்ன மந்திரத்துக்குச் சின்னத் தும்மல், பெரியதற்குப் பெரியது. அவள் ஏறினால் விழுந்துவிடும் என்று மிதக்கும் பேருந்தில் அவளை ஏற்ற மாட்டார்கள். எங்கே போனாலும் நடைதான். அதற்காக அவள் தலையைக் குனிந்து நடந்ததை யாரும் பார்த்ததில்லை.

கிளம்பும்போதே மேலதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார். மந்திரம் இருந்தது, முறித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தால் வேலை இருக்கும். இல்லையென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம். அவள் அப்படிச் சொன்னால் மருமகள் இன்றைக்கே பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெட்டியை மாமியாரே கட்டி வாசலில் வைத்திருந்தார்.

கூடத்துக்குள் கால் வைத்ததுமே பியூஸுக்கு மூக்கு அரித்தது. சும்மா அரிப்பு இல்லை, பிய்த்து எறிந்துவிடலாமா என்கிற மாதிரி அரிப்பு. இந்த வீட்டில் பெரிய மந்திரம் ஒன்று இருக்கிறது. சந்தேகமே இல்லை.

சாய்வு நாற்காலியில் வீட்டுப் பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு கை வெளியே வந்து காலி டம்ளரை நீட்டியது. மருமகள் வாங்கிக்கொண்டு போய் டீ நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள்.

"எனக்கு மந்திரத்துல ஒரு எழுத்துகூடத் தெரியாதுங்க" என்றாள் பியூஸிடம் மெதுவாக. "அவரா கழுவறார். நான் என்ன செய்ய?"

அடுப்படியில் மகன் கை நிறைய சோப்பு நுரையுடன் நின்றான். பியூஸ் அவன் தோளில் கை வைத்தாள். ஒன்றும் இல்லை. நெற்றியில் வைத்தாள். தும்மல் வரவில்லை. அவன் பாட்டுக்குக் கரண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குங்க கழுவறீங்க?"

"அழுக்கா இருக்கே" என்றான் அவன்.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். பாருங்கள், எப்படிப் பேசுகிறான், இவன் என் பிள்ளை மாதிரியா பேசுகிறான் என்றார். மந்திரத்தை அவன் மேல் நேராக வைத்திருக்க மாட்டாள், வீட்டுச் சாமான் எதிலாவது ஒளித்து வைத்திருப்பாள், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார் என்றார். இந்த வீட்டிலுள்ள சாமான்கள் எல்லாம் அவருடைய மாமியார் தன் கையால் மந்திரம் வைத்தவை என்பதையும் பெருமையாகச் சொன்னார். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகியும் ஒன்றுகூடப் பழுதானதில்லையாம்.

"என் மாமியார் வச்சது ஒண்ணும் ஆகாது, நீ தொடு."

சொன்னால் கேட்க வேண்டியதுதானே? கூடத்தில் தானாகப் பெருக்கிக்கொண்டிருந்த துடைப்பத்தைப் பியூஸ் தொட்டாள். ஒரு தும்மல். துடைப்பம் பொத்தென்று விழுந்தது. குப்பை பாதியில் நின்றது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மகன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, துடைப்பத்தை எடுத்து மிச்சத்தைப் பெருக்கினான்.

"ஐயோ, இப்ப பெருக்கவும் ஆரம்பிச்சுட்டானே" என்றார் மாமியார்.

அப்படியானால் மந்திரம் அடுப்பில்தான் இருக்கும் என்றார். தானாக எரிகிற அடுப்பு. தொட்டதும் தும்மல், அடுப்பு அணைந்தது. மகன் அக்கம்பக்கத்தில் தீப்பெட்டி வாங்கி வந்து பற்றவைத்து, சும்மா எரிவானேன் என்று உலையையும் ஏற்றினான். துவைக்கிற தொட்டி என்றார் மாமியார். அதுவும் போயிற்று. மகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு துணியைக் கும்ம உட்கார்ந்தான். அவனுக்கு என்னவோ பாட்டு இன்னும் நன்றாக வந்தது.

மாமியாருக்கு மூச்சு வாங்கியது. பியூஸ் வந்தபோது மகன் பாத்திரம்தான் கழுவினான். இப்போது முழு வீட்டையும் அவன் தலையில் கட்டியாயிற்று. நடுவில் பேப்பருக்குப் பின்னாலிருந்து மறுபடியும் டம்ளர் நீண்டது. மாமியார் திட்டிக்கொண்டே வாங்கிப் போய் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திட்டிக்கொண்டே வந்தார்.

"இவளைத் தொடு" என்று மருமகளைக் காட்டினார். தொட்டாள். ஒன்றுமில்லை. "நல்லாத் தொடு" என்று பியூஸின் கையைப் பிடித்து இழுத்தார். அதுதான் தப்பாகப் போயிற்று. பியூஸ் தும்மினாள். மாமியாரின் கன்னங்கரேல் என்ற கொண்டை பஞ்சு மாதிரி வெளுத்தது. எதிரே கண்ணாடியில் அதைப் பார்த்ததும் அவர் நேராகப் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். போனில் பேசினார் என்பதைவிட அழுதார் என்பதுதான் சரி. கடைசியில் போனைப் பியூஸிடம் நீட்டினார்.

மேலதிகாரியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. அந்தப் பெண்தான் மந்திரம் வைத்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்து சேர், அதைச் சொல்ல உனக்கு வாய் வலிக்கிறதா என்றார்.

பியூஸ் வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் நின்ற மருமகளைப் பார்த்தாள். அந்தப் பெண் கெஞ்சவில்லை. பெட்டியின் கைப்பிடியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பியூஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்லாததை இருக்குன்னு சொல்ல மாட்டேன், சார். இந்தப் பொண்ணுமேல தப்பு இல்ல. அந்தப் பையன்மேல மந்திரமும் இல்ல. வேலையை நீங்களே வச்சுக்கங்க."

போனை மேசைமேல் வைத்தாள். அதற்குள்ளிருந்து மேலதிகாரி கத்திக்கொண்டே இருந்தார். இதில் அவளுக்கு ஆத்திரம் வேறு, வெட்கம் வேறு. மூக்கு அரிப்பு கொஞ்சம்கூட அடங்கவில்லை. எதையோ விட்டுவிட்டோம் என்று தெரிகிறது. எதை என்று தெரியவில்லை. இத்தனை வருஷ வேலையில் மூக்கு சொன்னதைக் கண்டுபிடிக்காமல் அவள் ஒரு வீட்டை விட்டும் போனதில்லை. சரி, போகட்டும் என்று வாசலைப் பார்த்து நடந்தாள்.

நாற்காலியைத் தாண்டும்போது பேப்பருக்குப் பின்னாலிருந்து காலி டம்ளர் அவள் முன்னால் நீண்டது. அவள் யார், எதற்கு வந்தாள் என்பதெல்லாம் அந்தக் கைக்குக் கவலையில்லை. பக்கத்தில் ஒரு பெண் நடந்து போனால் போதும்.

வேலை போன அன்றைக்கு இது வேறா? பியூஸ் டம்ளரைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் அவர் கையை இழுத்து, அதிலேயே திரும்ப வைத்து, விரல்களை மூடி அழுத்தினாள்.

"எந்திரிச்சுப் போய் நீங்களே கழுவி வைங்க, ஐயா."

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. அடுத்து வந்த தும்மலில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அடுக்கி வைத்த பாத்திரங்கள் சரிந்தன. மகன்கூடப் பாட்டை நிறுத்தினான். பியூஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கு அரிப்பு சுத்தமாக நின்றுவிட்டிருந்தது.

போனுக்குள் மேலதிகாரி என்ன சத்தம், என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பியூஸ் அதைக் கையில் எடுத்தாள்.

"மந்திரம் இருந்துச்சு, சார். பெருசு. முறிச்சுட்டேன்."

"நான்தான் சொன்னேனே! யார் வச்சது?" என்றார் அவர்.

அவளுக்கு எப்படித் தெரியும்? பேப்பர் தரையில் கிடந்தது. நாற்காலி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. பெரியவர் முழங்கால்கள் சடசடக்க அடுப்படிக்குள் போய்க்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தார். பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்தார். டம்ளரை உள்ளேயும் வெளியேயும் தேய்த்துக் கழுவி, வேட்டி நுனியால் துடைத்து, வெள்ளைக் கொண்டையுடன் நின்ற தன் மனைவியின் கையில் வைத்தார்.

"நம்ம கல்யாணத்தன்னிக்கே எங்கம்மா என்னை அடுப்படிப் பக்கம் போக விடாம மந்திரம் வச்சுட்டாங்க. உனக்கு ஒரு வாய் டீ போட்டுக் குடுக்கணும்னு அன்னியிலேர்ந்து நான் எந்திரிக்கப் பார்க்கறேன்."