நூற்றுக்கு நூறு வாங்கிய பித்தக்குழாய்

பித்தக்குழாயில் திரும்பத் திரும்பக் கல் வருகிறவர்களின் அறிவு, மனப்பான்மை, பழக்கவழக்கம் ஆகிய மூன்றையும் அளந்து பார்க்க ஆஸ்பத்திரி மேலிடம் திருவுளம் கொண்டது. அதன்படி, முதலில் வினாத்தாள், பிறகுதான் கட்டில் என்று ஆணை பிறந்தது.

என் அக்கா புருஷனுக்கு அது மூன்றாவது கல். தையல்காரர். கண் மஞ்சள், காய்ச்சலில் பல் கிடுகிடுத்தது. சக்கர நாற்காலியில் சாய்ந்தபடியே இருபது கேள்விக்கும் பதில் சொன்னார். நூற்றுக்கு நூறு.

மதிப்பீட்டு அலுவலர் எழுந்து நின்று கைகொடுத்தார். “வாழ்த்துகள். நீங்க வீட்டுக்குப் போகலாம்.”

“ஐயா, கல்லு?” என்றாள் அக்கா.

“முழு மார்க் வாங்கினவங்களுக்குக் கல்லு திரும்ப வராதும்மா. சுற்றறிக்கையில இருக்கு.”

“வந்திருக்கே! ஸ்கேன்ல தெரியுதே!”

“ஸ்கேன் வேற பிரிவு.”

மச்சான் முனகினார். “ஃபெயிலானா?”

“உடனே கட்டில். ஆனா மறுதேர்வுக்கு மனு வேணும்.”

நான் எழுதினேன்: ‘என் மச்சானின் அறிவு இன்று காலை பதினொரு மணியளவில் திடீரெனக் குறைந்துவிட்டபடியால்...’ முத்திரை விழுந்தது.

அக்கா அவர் காதருகே குனிந்தாள். “இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்லித் தொலைங்க.”

“வலியும் காய்ச்சலும் வந்தா என்ன செய்வீங்க?” என்றார் அலுவலர்.

“நாலு நாள் சுருண்டு படுத்திருப்பேன். இவ கேட்டா எரிஞ்சு விழுவேன்.”

“எண்ணெயில பொரிச்சது?”

“தட்டு காலியாகிற வரைக்கும்.”

“மறுபரிசோதனைக்கு எப்போ வருவீங்க?”

“தூக்கிட்டு வந்தா.”

பூஜ்யம். அன்று மாலையே வாய்வழியாகக் கருவியை இறக்கிக் கல்லை எடுத்தார்கள். பித்தம் வடிய உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாயும் வைத்தார்கள். மனுஷன் பிழைத்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு நிறைவுத் தேர்வு. குடும்பத்தோடு பதில் சொல்ல வேண்டும். ஒரே கேள்வி. “உள்ளே வச்ச குழாயை எப்போ எடுக்கணும்? விட்டா என்ன ஆகும்?”

“மூணு மாசத்துல. விட்டா அடைச்சுக்கும், உயிருக்கே ஆபத்து,” என்றோம் மூன்று பேரும் ஒரே குரலில். ஆளுக்கொரு சான்றிதழ் கிடைத்தது. குழாயை எடுக்கக் கூட்டிக்கொண்டு வருபவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்.

எட்டு மாதமாகிறது. குழாய் உள்ளேதான் இருக்கிறது. ஞாயிறுதோறும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். எப்போது எடுக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் மூவரும் சரியாகச் சொல்லிவிடுவோம். யாரும் கேட்பதில்லை.